அலுவலக போனை இணைய வழிக்கு மாற்றுவது எப்படி?

இணையம் வழியே பேசும் புது ஐபி போன்களை வாங்கி அடுக்கிவிட்டுத்தான் பலர் வேலையையே தொடங்குகிறார்கள். சரி, பெட்டியைப் பிரிக்காமல் ஓரமாக வையுங்கள். இப்போதைக்குத் தாளும் பேனாவும் போதும்.

முதல் படி, கணக்கெடுப்பு
எத்தனை எக்ஸ்டென்ஷன் (அலுவலகத்துக்குள் இருக்கும் உள் இணைப்பு), எத்தனை வெளி லைன் என்று எழுதுங்கள். மேசை போனை யாரும் விட்டுவிட மாட்டார்கள். ஃபேக்ஸ், லிஃப்ட்டுக்குள் இருக்கும் போன், தீ அலாரம் ஆகியவைதான் விட்டுப்போகும். அவையும் பழைய லைனில்தான் தொங்குகின்றன என்பது வயரைப் பிடுங்கிய பிறகே தெரியவரும்.

இரண்டாம் படி, நெட்வொர்க்
பாதிப் பாடு இங்கேதான். குரலை டிஜிட்டலாக மாற்றும் முறைகளில் ஒன்றான ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்குச் சுமார் 87 கிலோபிட் வேண்டும். ஒரே நேரத்தில் 20 பேர் பேசினாலும் 2 மெகாபிட்டைத் தாண்டாது. அப்படியும் குரல் ஏன் வெட்டி வெட்டி வருகிறது? யாரோ பெரிய ஃபைலை ஏற்றும்போது குரலைச் சுமக்கும் சிறு தரவுத் துண்டுகளான பாக்கெட்டுகள் அதன் பின்னால் வரிசையில் நிற்பதால்தான். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருப்பது நல்லது. குரலுக்குத் தனி விலேன் (அதே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பகுதி) போட்டு, ரூட்டரில் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். அப்புறம், ரூட்டரில் 'சிப் ஏஎல்ஜி' (SIP ALG, இணைய அழைப்புத் தகவலை ரூட்டரே இடையில் திருத்தும் வசதி) என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவி செய்ய வந்த வசதிதான், ஆனால் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால் என் சந்தேகம் முதலில் அதன் மேல்தான் விழும்.

மூன்றாம் படி, பிபிஎக்ஸ்
அழைப்புகளை உரிய எக்ஸ்டென்ஷனுக்குத் திருப்பிவிடுவதுதான் பிபிஎக்ஸ். அந்த வேலையைச் செய்யும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருள் 1999 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டளை எழுதப் பயமாக இருந்தால் அதை இயக்க ஃப்ரீபிபிஎக்ஸ் போடுங்கள், எல்லாம் திரையிலேயே முடியும். 101ஆம் எக்ஸ்டென்ஷனுக்கு 101 என்றே கடவுச்சொல் வைக்காதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வெளிநாட்டுக்குப் பேசித் தீர்த்துவிடுவார்கள், பில் உங்களுக்கு வரும்.

நான்காம் படி, லைன் மாற்றம்
சிப் ட்ரங்க் (இணையம் வழியே வரும் வெளி லைன்) வாங்கியதும் பழைய லைனை ரத்து செய்துவிடாதீர்கள். எண் புது நிறுவனத்துக்கு மாறி முடியும் முன் ரத்து செய்தால் எண்ணே கைவிட்டுப் போகலாம். அதுவரை பழைய லைனை பிபிஎக்ஸோடு இணைக்கும் ஒரு கேட்வே கருவி வைத்து இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

கடைசியாக, கரண்ட்
செப்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஐபி போனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஸ்விட்ச், ரூட்டர், பிபிஎக்ஸ் மூன்றையும் யுபிஎஸ்ஸில் மாட்டி, ஒருநாள் மெயினை அணைத்துவிட்டு உங்கள் எண்ணுக்கு நீங்களே போன் செய்து பாருங்கள்.