ஐந்து ஆணிகளைக் கொண்டு துருவை அறிவோம்

எங்கள் கொங்குப் பகுதித் தோட்டங்களில் போர்க்குழாயை மேலே எடுக்கும்போது, மரை வெட்டிய இடம் துருவேறி மெலிந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதற்குத் தண்ணீர் மட்டும் காரணமன்று என்பதை வீட்டிலேயே சோதித்து அறியலாம்.

முதலில், பூச்சு இல்லாத இரண்டு அங்குல இரும்பாணிகள் ஐந்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஜி.ஐ. ஆணி வேண்டாம், அதன்மேல் உள்ள துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காப்பதால், மாற்றம் தெரிய வெகுநாளாகும். ஆணிகளைச் சோப்பு போட்டுக் கழுவி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, உடனே துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப்பசை சிறிதளவு ஒட்டியிருந்தாலும் முடிவு மாறிவிடும் என்பதால், இந்த வேலையில் மட்டும் அவசரம் கூடாது.

அடுத்து, ஐந்து கண்ணாடி டம்ளர்களை எடுத்து, முதல் டம்ளரில் ஆணியை மட்டும் உலர்வாக வையுங்கள். இரண்டாவதில் ஆணி பாதி நனையுமளவு குடிநீர் ஊற்றுங்கள். கோவையில் இருப்பவர்களுக்குச் சிறுவாணித் தண்ணீரே போதும். மூன்றாவதில் அதே அளவு நீருடன் ஒரு தேக்கரண்டி கல்லுப்பைக் கரையுங்கள். நான்காவதற்குத் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்து, ஆணி முழுவதும் மூழ்குமாறு மெதுவாக ஊற்றி, மேலே அரை அங்குல உயரத்துக்குக் கடலை எண்ணெயை மிதக்கவிடுங்கள். ஐந்தாவதில் வினிகரை ஊற்றுங்கள். மூட வேண்டாம், ஏனெனில் குமிழியாக வெளிவருவது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு.

மறுநாள் காலையில் உப்புநீர் ஆணியில் பழுப்பு நிறம் படிந்திருக்கும். நீர்மட்டத்தை ஒட்டிய இடத்தைக் கூர்ந்து பாருங்கள். இரும்பிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஏற்றுக்கொள்ள, அந்த மின்னோட்டத்துக்கு உப்புநீர் எளிதான வழியாக அமைவதே இதற்குக் காரணம். நான்காவது ஆணியோ தண்ணீருக்குள்ளேயே கிடந்தும் பல நாள் பளபளப்பாக இருக்கும், ஏனெனில் கொதித்தபோது நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிட்டது, எண்ணெய் மீண்டும் அதை உள்ளே விடவில்லை. எனக்கு இந்த ஐந்திலும் மிகவும் பிடித்தது இதுதான். வினிகர் ஆணியை ஓரிரவு ஊறவைத்து, கழுவாமல் வெளியே வைத்தால், சில மணி நேரத்தில் துரு படர்வதைக் காணலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ப்ளீச்சிங் பவுடரை வினிகருடனோ வேறு அமிலத்துடனோ கலக்கவே கூடாது, நச்சான குளோரின் வாயு வெளிவரும். செம்பை வினிகரிலும் உப்பிலும் வைத்தால் உருவாகும் பச்சைக் களிம்பும் நஞ்சே. பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்குமுன் நம் வீடுகளில் ஈயம் (அதாவது வெள்ளீயம்) பூசியதும் இதனால்தான். ஆகவே சமையல் பாத்திரம் எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்த சுற்றில், இரண்டாவது டம்ளரில் உங்கள் தோட்டத்துப் போர்த் தண்ணீரை ஊற்றி, அது குடிநீர் ஆணியைப் போல நடந்துகொள்கிறதா, உப்புநீர் ஆணியைப் போலவா என்று நாள்தோறும் குறித்து வாருங்கள்.