ஊழியரின் சொந்த போனில் கம்பெனி கோப்புகள்: தேயிலைத் தொழிற்சாலைகள் செய்ய வேண்டிய அமைப்பு

குன்னூர், கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கும் தொழிற்சாலை ஒன்று, அவர்களுடைய வங்கிக் கணக்கு எண்ணையும் தினசரி எடையையும் மைக்ரோசாஃப்டின் இணையக் கோப்பு சேமிப்புகளான ஒன்டிரைவிலோ ஷேர்பாயிண்டிலோ வைத்திருக்கிறது என்று கொள்வோம். சூப்பர்வைசர் அதைத் தன் சொந்த போனில் திறக்கிறார், இறக்குகிறார், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அந்த விவரங்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை. ஆனால் போன் ஊழியருடையது. ஆகவே போனை விட்டுவிட்டுக் கோப்பைப் பூட்டுங்கள்.

இதற்கு மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் சந்தா வேண்டும். பேசிக், ஸ்டாண்டர்ட் சந்தாக்களில் என்ட்ரா ஐடி பி1 (உள்நுழைவைக் கட்டுப்படுத்துவது), இன்ட்யூன் (சாதனங்களையும் செயலிகளையும் நிர்வகிப்பது) இரண்டும் வராது. மைக்ரோசாஃப்டின் ஆயத்தப் பாதுகாப்பு அமைப்பான செக்யூரிட்டி டிஃபால்ட்ஸ் இயங்கினால் அதை அணைத்தால்தான் கண்டிஷனல் ஆக்சஸ் விதிகள், அதாவது யார், எந்தச் சாதனத்தில் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் விதிகள், வேலை செய்யும். அணைத்த கையோடு எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு விதியைப் போட்டுவிடுங்கள்; இடைவெளி விடக் கூடாது. அவசரத்துக்கென இரண்டு அட்மின் கணக்குகள் உருவாக்கி, கீழே வரும் ஒவ்வொரு தடை விதியிலிருந்தும் விலக்கி வையுங்கள். இல்லையேல் நீங்களே வெளியே நிற்க நேரும்.

முதலில் ஆபீஸ் கணினிகள்

அலுவலகக் கணினிகளை இன்ட்யூனில் சேர்த்து, ஒவ்வொன்றும் 'கம்ப்ளையன்ட்' (விதிகளுக்கு உட்பட்டது) என்று காட்டுகிறதா பாருங்கள். இதைத் தள்ளிப்போட்டால் அடுத்த படியில் கணக்குப் பிரிவின் கணினியும் அந்நிய சாதனமாகிவிடும்.

பிறகு ஷேர்பாயிண்ட் அட்மின் சென்டரில் பாலிசீஸ், ஆக்சஸ் கன்ட்ரோல், அன்மேனேஜ்டு டிவைசஸ் (கம்பெனி நிர்வகிக்காத சாதனங்கள்) என்று போய், பிரவுசர் வழி வரம்புள்ள அனுமதியைத் தேர்ந்தெடுங்கள். வெளிக் கணினிகளில் கோப்பைப் பார்க்கலாம். இறக்கவோ அச்சிடவோ சிங்க் செய்யவோ முடியாது. நடைமுறைக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம். ஏற்கெனவே உள்நுழைந்திருப்பவர்களை உடனே தொடாது என்பதால் அவர்களின் செஷன்களை (நடப்பு உள்நுழைவுகளை) ரத்து செய்யுங்கள். குன்னூர் தேயிலை ஏல வேலை நெருக்கும் நாட்களில் இதைத் தொடாதீர்கள்.

பலரும் சிக்குவது இங்கேதான். இந்தப் படி தானாகவே இரண்டு கண்டிஷனல் ஆக்சஸ் விதிகளை உருவாக்கும். அதில் ஒன்று செயலிகளைத் தடுக்கும். சொந்த போனில் உள்ள ஒன்டிரைவ் செயலியும் அதில் அடக்கம். அந்த விதியில் டிவைஸ் பிளாட்பார்ம்ஸ் பகுதியில் ஆண்ட்ராய்டையும் ஐஓஎஸ்ஸையும் விலக்குங்கள். அந்த இரண்டுக்கும் தனி விதி போட்டு, 'ரிக்வயர் ஆப் புரொடெக்‌ஷன் பாலிசி' நிபந்தனையை (கம்பெனி விதி பொருந்திய செயலியில் மட்டுமே திறக்கும் என்பதை) வையுங்கள். புது விதியை ஒரு வாரம் ரிப்போர்ட்-ஒன்லி நிலையில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில்) ஓடவிட்டு, சைன்-இன் பதிவுகளில் யார் மாட்டுகிறார்கள் என்று பார்த்தபின் இயக்குங்கள்.

போனுக்குள்

இன்ட்யூனில் ஆப்ஸ், ஆப் புரொடெக்‌ஷன் பாலிசீஸ் பகுதியில் ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று. நகலைச் சேமிப்பது தடை. கோப்பு அனுப்புவதும் வெட்டி ஒட்டுவதும் கம்பெனி செயலிகளுக்குள் மட்டும். பின் எண் கட்டாயம். முடக்கப்பட்ட கணக்கு என்றால் 'வைப் டேட்டா', அதாவது செயலியில் உள்ள கம்பெனித் தரவு அழியும். ஆண்ட்ராய்டில் கம்பெனி போர்ட்டல் செயலி நிறுவப்பட்டிருக்க வேண்டும். அதில் போனைப் பதிவு செய்யத் தேவையில்லை. ஐபோனில் மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர் செயலி போதும்.

ஆஃப்லைன் கிரேஸ் பீரியட், அதாவது இணையம் இல்லாமல் கோப்பைத் திறக்க விடும் கால அளவு, மலைக்கு முக்கியம். சிக்னல் இல்லாத பள்ளத்தில் மழைக்காலத்தில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டவருக்கு 1440 நிமிடம் என்றால் கோப்பு பூட்டிக்கொள்ளும். 4320 நிமிடம், அதாவது மூன்று நாள், பொருத்தமானது. மாறாக, இணையத்துக்கே வராத போனில் தரவை அழிக்கும் கெடுவை 90 நாளிலிருந்து 30 ஆகக் குறைக்கலாம்.

ஐபி முகவரி வைத்துத் தடுக்கும் வழியை எடுக்காதீர்கள். மொபைல் டேட்டாவின் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். கூடலூர் எல்லையில் போன் பக்கத்து மாநில டவரையும் பிடிக்கும்.

கூகுள் டிரைவ் பயன்படுத்துவோர், கணினியில் டிரைவ் கோப்புகளைத் திறக்கும் 'டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்'பை அனுமதித்த சாதனங்களுக்கு மட்டும் என்று மாற்றி, அலுவலகக் கணினிகளின் சீரியல் எண்களைக் கம்பெனி சாதனப் பட்டியலில் ஏற்றுங்கள்.

ஊழியர்களிடம் எழுத்திலேயே சொல்லுங்கள்: புகைப்படம், குறுஞ்செய்தி, அழைப்பு எதையும் கம்பெனி பார்க்காது, அழித்தாலும் கம்பெனித் தரவு மட்டுமே போகும். ஒருவர் வேலையை விட்டால் கணக்கை நீக்காமல் முடக்குங்கள், செஷன்களை ரத்து செய்யுங்கள், இன்ட்யூனிலிருந்து ஆப் செலெக்டிவ் வைப் (கம்பெனித் தரவை மட்டும் அழிக்கும்) கோரிக்கை அனுப்புங்கள். அவர் செயலியை அடுத்து இணையத்தோடு திறக்கும்போதுதான் அது நடக்கும். அது முடியும்வரை கணக்கு இருக்கட்டும். இந்த அமைப்புக்கு முன்பே கேலரியிலும் டவுன்லோட்ஸிலும் இறங்கிக் கிடக்கும் எக்செல்களை இது எட்டாது. அவற்றை ஊழியரை அருகில் வைத்துக்கொண்டு, அவர் கையாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.