மட்டி, சிப்பி இறைச்சியில் கடல் நஞ்சைக் கண்காணிப்பது எப்படி?

1981-இல் தமிழ்நாட்டில் மட்டி உண்டவர்களில் மூவர் இறந்தனர், 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி உண்ட ஏழு பேர் உயிரிழந்தனர். சில நுண்பாசிகள் உண்டாக்கும் சாக்சிடாக்சின் வகை நரம்பு நஞ்சே இதற்குக் காரணம். கடல்நீரை வடிகட்டி உண்ணும் இவ்வுயிர்கள் அந்தப் பாசிகளை விழுங்கி, நஞ்சைத் தம் உடலில் சேர்த்து வைக்கின்றன. நாற்றமோ சுவை வேறுபாடோ இராது. வேகவைத்தாலும் உறைய வைத்தாலும் நஞ்சு போகாது. ஆகவே அறுவடைக்கு முன்பே சோதித்தாக வேண்டும்.

முதல் படி, நீரைப் பார்ப்பது. ஒரே இடத்தில், குறித்த இடைவெளியில், 20 மைக்ரான் கண்ணுள்ள வலையை மெதுவாக இழுத்துக் கிடைப்பதை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அலெக்சாண்ட்ரியம், சூடோநிட்சியா ஆகிய பாசிகள் தென்பட்டால் அது முன்னெச்சரிக்கை. கடல் சிவந்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்: நீரைச் சிவக்கச் செய்யும் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் இந்த நஞ்சை உண்டாக்குவதில்லை, அலெக்சாண்ட்ரியமோ நிறமே மாறாத நீரிலும் ஆபத்தை விளைவிக்கக்கூடும்.

இரண்டாம் படி, இறைச்சி மாதிரி. தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஓட்டின் வெளிப்புறத்தை நன்னீரில் கழுவி, ஓட்டை மூடிவைக்கும் தசையை அறுத்துத் திறந்து, உள்ளே உள்ள மணலை அலசி நீக்கிய பின் இறைச்சியை எடுக்க வேண்டும். எளிதாகத் திறக்கும் என்று வெந்நீரில் போடக் கூடாது. 100 முதல் 150 கிராம் வரை இறைச்சியைச் சல்லடையில் ஐந்து நிமிடம் நீர் வடியவிட்டு அரைத்துக்கொள்ளலாம். மாதிரியோடு வைக்கும் சீட்டில் இடமும் நாளும் மட்டுமன்றி, உயிரியல் பெயரும் இருக்க வேண்டும்; 'சிப்பி' என்ற சொல் கரைக்குக் கரை வேறு உயிரைக் குறிக்கிறது.

அடுத்து, நஞ்சைப் பிரித்தெடுப்பது. அரைத்த இறைச்சி 100 கிராமுடன் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லி கலந்து, ஐந்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு ஆற்றி, 200 மில்லியாக்க வேண்டும். கொதிநிலையைத் தாங்கும் நஞ்சு என்பதால்தான் இம்முறை பயன்படுகிறது. ஆனால் காரத்தன்மை அதைச் சிதைத்துவிடும். கரைசலின் பிஎச் (அமில, கார அளவு) 2-க்கும் 4-க்கும் இடையில் இருக்க வேண்டும்; அதற்கு மேல் போனால், நஞ்சுள்ள மாதிரியும் நல்லதாகத் தோன்றக்கூடும். முன்பு இச்சாற்றை எலிக்குச் செலுத்தி, அது இறக்கும் நேரத்தைக் கொண்டு கணக்கிட்டனர். இப்போது பல ஆய்வகங்களில் சாற்றில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் திரவ நிறப்பிரிகைக் கருவி அந்த வேலையைச் செய்கிறது.

முடிவை வரம்போடு ஒப்பிடுவது எளிது. 100 கிராம் இறைச்சியில் சாக்சிடாக்சின் 80 மைக்ரோகிராமைத் தொட்டால் அறுவடையை நிறுத்த வேண்டும். சூடோநிட்சியா உண்டாக்கும் நஞ்சான டோமோயிக் அமிலத்துக்கு வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். 1987-இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவுச் சிப்பிகளை உண்டோர் சிலருக்கு நினைவிழப்பை உண்டாக்கியது இதுவே. ஒன்றுக்கான சோதனை மற்றொன்றைக் காட்டாது என்பதால் இரண்டையும் தனித்தனியே செய்ய வேண்டும்.

மீண்டும் திறக்கும்போது அவசரம் கூடாது; ஒரு நல்ல முடிவு போதாது, அடுத்தடுத்த மாதிரிகளும் வரம்புக்குக் கீழே இருக்க வேண்டும். சிப்பி சில வாரங்களில் நஞ்சை வெளியேற்றிவிடக்கூடும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் கிடைக்கும் வெண்ணெய் மட்டியோ அதை இரண்டு ஆண்டுகள் வரை வைத்திருக்கும். ஆகவே சிப்பியைச் சோதித்துவிட்டு, அதே கரையின் மட்டிக்கும் அனுமதி அளிக்கக் கூடாது.