ஓங்கி அடிச்சாலும் வெள்ளை சொன்ன இடத்துல நிக்கணும்: ஸ்னூக்கர்ல பவர் ஷாட் ஆடுறது எப்படி

ஸ்னூக்கர் ஆட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே எல்லாருக்கும் ஒரு ஆசை வந்துடும், டேபிளோட இந்தக் கோடில இருந்து அந்தக் கோடிக்கு ஒரு ரெட்ட, அதாவது சிவப்பு பால, சடார்னு பாக்கெட்ல இறக்கிட்டு, நாம க்யூங்கற கோலால அடிக்கிற வெள்ளை பால அப்படியே பின்னாடி இழுத்துட்டு வரணும்னு. ஆசைப்படுறதுல தப்பே இல்ல. ஆனா அத செய்யப் போறப்ப பல்ல கடிச்சு, தோள தூக்கி, க்யூவ நசுக்கிப் புடிச்சு ஒரு இடி இடிப்போம், ரெட் பாக்கெட் வாய்ல பட்டு வெளில துள்ளி வரும், வெள்ளை மட்டும் சமத்தா வேற பாக்கெட்ல போய் விழுந்து எதிராளிக்கு 4 பாயிண்ட் குடுக்கும். நானும் ரொம்ப நாள் இப்படித்தான் ஆடிட்டு இருந்தேன், நம்ம கைல பலம் பத்தலன்னு நெனச்சு இன்னும் இறுக்கிப் புடிச்சு இன்னும் மோசமா ஆடினேன். பிரச்சனை பலம் பத்தாததுல இல்ல, இருக்குற பலத்த பால் மேல படுறதுக்கு முன்னாடியே செலவு பண்ணிட்டேன், அவ்ளோதான்.

கொஞ்சம் கணக்கு பாப்போம். ஒரு க்யூ சுமாரா 500 கிராம் இருக்கும், பால் 140 கிராம் பக்கம். க்யூவோட நுனில இருக்குற தோல், அதாவது டிப், பால் மேல ஒட்டி இருக்குற நேரம் ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள்ள நீங்க தள்ளி முட்டி ஒண்ணும் பண்ண முடியாது, பட்ட அந்த நொடில க்யூ என்ன வேகத்துல போயிட்டு இருந்துச்சோ அதுதான் பாலுக்குக் கிடைக்கும். க்யூ பால விட மூணு மடங்குக்கு மேல கனம்ங்கறதால, க்யூ வர்ற வேகத்த விட அதிக வேகத்துலயே வெள்ளை கிளம்பும். அப்போ நமக்கு வேணும்ங்கறது ரெண்டே ரெண்டு, டிப் பாலத் தொடும்போது க்யூ வேகமா இருக்கணும், நேரா இருக்கணும். தோள், இடுப்பு, வாய்ல வர்ற "ஹூம்" சத்தம் எதுவும் கணக்குல வராது.

சரி, வேகம் எங்க காணாமப் போகுது? முக்கால்வாசி பேருக்கு க்ரிப்ல, அதாவது க்யூவப் புடிக்கிற பிடிலதான். இத மட்டும் நல்லா பிடிச்சுக்கங்க, மிச்சத்த மறந்தாலும் பரவால்ல. ஓங்கி அடிக்கணும்னு மனசு நெனச்ச உடனேயே கை க்யூவ இறுக்கிடும், இறுக்கினா மணிக்கட்டு கட்டையா ஆயிடும், முன்னங்கை ஃப்ரீயா ஊசலாடாது, அப்புறம் வேகத்துக்கு தோள்தான் வேலை செய்யணும், தோள் வந்தா க்யூ பக்கவாட்டுல போகும். ஒரு இறுக்கத்துல இவ்ளோ கேடு இருக்கு.

க்யூ கைல படுத்திருக்கணும், கை அத நெரிக்கக் கூடாது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இந்த மூணுதான் லேசா புடிச்சிருக்கும். பின்னாடி இழுக்கும்போது கடைசி ரெண்டு விரலும் தானா லேசா திறந்துக்கணும், அது திறக்கலன்னா க்யூவோட பின்பக்கம் மேல எழும்பும். முன்னாடி வரும்போது எல்லா விரலும் தானா மூடி, டிப் பாலத் தொடுற சமயத்துல கை முழுசா க்யூவ புடிச்சிருக்கும். இந்தக் கடைசி நொடி இறுக்கத்தத்தான் டைமிங்னு சொல்றாங்க. நீங்களா கணக்குப் போட்டு இறுக்கப் பாத்தா கண்டிப்பா சீக்கிரமாவே இறுக்கிடுவீங்க, அதனால "லூசா வச்சிரு" அப்படின்னு மட்டும் மனசுல வச்சுக்கிட்டா போதும், இறுக்கம் அதுவா வரும். டைமிங் சரியா விழுந்தா டிப் சத்தமே வேற மாதிரி கேக்கும், "டொக்"னு கனமா ஒரு சத்தம், ஒரு தடவ கேட்டுட்டா அப்புறம் காது தேட ஆரம்பிச்சுடும்.

அடுத்து நிக்கிறது. சாதாரண ஷாட்டுக்கு நீங்க எப்படி வேணா நின்னு சமாளிச்சுடலாம், பவர் ஷாட் எல்லா ஓட்டையையும் காட்டிக் குடுத்துடும். கால கொஞ்சம் கூடவே அகட்டி வைங்க, யாராவது பக்கத்துல இருந்து லேசா தள்ளினா ஆடக் கூடாது. பிரிட்ஜ் கைய, அதாவது டேபிள்ல ஊனி க்யூவத் தாங்குற முன் கைய, துணி மேல நல்லா அழுத்தி விரிச்சு வைங்க, ஓங்கி அடிக்கும்போது நகர்றது நிறைய பேருக்கு இந்தக் கைதான், ஆனா பழி என்னமோ க்ரிப் கைக்குப் போகும். தாடையும் நெஞ்சும் க்யூவத் தொட்டுகிட்டு இருக்கட்டும், க்யூ ஒரு தண்டவாளத்துல ஓடுற மாதிரி ஆயிடும். பிரிட்ஜுக்கும் வெள்ளைக்கும் நடுவுல சாதாரணமா வைக்கிற தூரத்த விட ஒரு இஞ்ச் ரெண்டு இஞ்ச் கூட வச்சுக்கங்க, அப்பதான் நீளமா பின்னாடி இழுக்க இடம் கிடைக்கும். அதுக்கு மேல கூட்டாதீங்க, டிப் எங்க படும்னு உங்களுக்கே தெரியாமப் போயிடும்.

இப்ப ஸ்விங். மெதுவா பின்னாடி இழுங்க, நான் சொல்றது உண்மையிலேயே மெதுவா. வேகமா அடிக்கணும்னா வேகமா இழுக்கணும்னு ஒரு நெனப்பு இருக்கு, அது தப்பு, வேகமா இழுத்தா திரும்புற இடத்துல க்யூ ஆடும். முழுசா இழுத்து, ஒரு சின்ன நிறுத்தம், கண்ண வெள்ளைல இருந்து எடுத்து ஆப்ஜெக்ட் பால், அதாவது வெள்ளை போய் முட்ட வேண்டிய பால் மேல வச்சு, அப்புறம் முன்னாடி விடுங்க, கிளம்பும்போது மெதுவா கிளம்பி பால் கிட்ட வர வர வேகம் ஏறிகிட்டே வரணும். பட்ட பிறகும் க்யூ நிக்காம நேரா முன்னாடி போகட்டும். பால்தான் ஏற்கனவே கிளம்பிடுச்சே, இனி க்யூ போனா என்ன போகலன்னா என்னன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா அடிச்ச உடனே நிறுத்தணும்னு மனசுல இருந்தா கை அடிக்கிறதுக்கு முன்னாடியே பிரேக் போட ஆரம்பிச்சுடும், அதனாலதான் ஃபாலோ த்ரூ. தலைய மட்டும் தூக்கிடாதீங்க, பால் பாக்கெட்ல விழுற சத்தம் கேக்குற வரைக்கும் கீழயே இருங்க.

ஸ்னூக்கர் வீரர் நீல் ராபர்ட்சன் ஆடுறத பாத்தீங்கன்னா இது எல்லாம் புத்தகத்துல போட்ட படம் மாதிரி இருக்கும், க்யூ ஒரே கோட்டுல போகும் வரும். ஜட் ட்ரம்ப் வேற ரகம், க்யூ பக்கவாட்டுல ஒரு வளைவு எடுத்துட்டு வந்து பாலத் தொடும்போது கச்சிதமா வந்து நிக்கும், அப்படி ஆடியே 2019ல உலக சாம்பியனும் ஆயிட்டார். அது சின்ன வயசுல இருந்து ஊறின கை, யூடியூப் பாத்து நம்ம காப்பி அடிச்சா க்யூதான் வளையும், பால் போகாது. காப்பி அடிக்கணும்னா ராபர்ட்சன அடிங்க.

வெள்ளைல எங்க அடிக்கிறதுங்கறது இன்னொரு பெரிய விஷயம். ஸ்னூக்கர் பால் 52.5 மில்லிமீட்டர் அகலம். நடுவுல இருந்து அதோட ஆரத்துல பாதி, அதாவது ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் வரைக்கும்தான் டிப் பிடிக்கும், அதத் தாண்டினா வழுக்கி மிஸ்க்யூ. வெள்ளைய பின்னாடி இழுக்குற ஸ்க்ரூ வேணும்னா ஆள்ங்க வெள்ளையோட அடி மண்ணையே தோண்டுறாங்க, அவ்ளோ கீழ போகத் தேவையே இல்ல. டிப் நல்லா உருண்டையா இருக்கணும், ஒவ்வொரு பவர் ஷாட்டுக்கும் முன்னாடி டிப்ல சாக் (வழுக்காம இருக்கத் தடவுற சுண்ணக்கட்டி) போடணும், தட்டையாப் போன டிப்ப வச்சுகிட்டு ஸ்க்ரூ வரலன்னு புலம்புறதுல அர்த்தம் இல்ல.

ஸ்க்ரூ ஏன் ஓங்கி அடிச்சா நல்லா வருதுன்னா, வெள்ளை பின்னாடி சுத்திகிட்டே துணி மேல வழுக்கிட்டுப் போகும், துணி அந்த சுத்தலத் தின்னுகிட்டே இருக்கும். ஆப்ஜெக்ட் பாலத் தொடும்போது சுத்தல் மிச்சம் இருந்தா பின்னாடி வரும், சரியா தீர்ந்திருந்தா அங்கயே நிக்கும், அதுதான் ஸ்டன், அதையும் தாண்டி உருள ஆரம்பிச்சிருந்தா முன்னாடி போகும். தூரம் கூடக் கூட சுத்தல் அதிகமா தீர்ந்துடும், அதனாலதான் தூர ஷாட்டுக்கு வேகம் தேவைப்படுது. ரூம்ல ஈரப்பதம் அதிகமா இருக்குற அன்னிக்கு துணி கனத்துப் போய் நேத்து வந்த ஸ்க்ரூ இன்னிக்கு வராது, உங்க கை மேல சந்தேகப்படாதீங்க.

ஸ்க்ரூக்கு கீழ அடிக்கணும்னா பிரிட்ஜ் கையத் தாழ்த்துங்க, க்யூவோட பின்பக்கத்தத் தூக்காதீங்க. பின்பக்கம் தூக்கி ஓங்கி அடிச்சா வெள்ளை துள்ளும், துள்ளி நடுவுல இருக்குற பால் மேல தாண்டிப் போச்சுன்னா ஃபவுல், டேபிள விட்டு வெளில போனாலும் ஃபவுல், யாரு கால்லயாவது விழுந்தா அது தனிக் கதை.

சைடு, அதாவது வெள்ளையோட நடுவ விட்டு இடமோ வலமோ தள்ளி அடிக்கிறது, அதப் பத்தி ஒரு வார்த்தை. வலது பக்கம் அடிச்சா வெள்ளை லேசா இடது பக்கம் தள்ளிப் போகும், மெதுவா அடிக்கும்போது வழில வளைஞ்சு கொஞ்சம் திரும்பி வரும், ஓங்கி அடிச்சா அந்த வளைவுக்கு நேரமே கிடைக்காது, தள்ளினது தள்ளினதுதான். அதனால நேர் ஷாட்ட முழு வேகத்துல நம்பி ஆட வர்ற வரைக்கும் சைடு பக்கமே போகாதீங்க. உங்களுக்கே தெரியாம சைடு போட்டுட்டு இருக்கீங்களான்னு கண்டுபிடிக்க ஒரு பழைய பயிற்சி இருக்கு, வெள்ளைய பிரவுன் ஸ்பாட்ல (பிரவுன் பால் வைக்கிற புள்ளி) வச்சு நீலம், பிங்க், கருப்பு ஸ்பாட் மேல நேரா மேல அடிங்க, டாப் குஷன்ல, அதாவது கருப்பு ஸ்பாட் பக்கத்து விளிம்பு ரப்பர்ல, பட்டு திரும்ப உங்க டிப்புக்கே வரணும். மெதுவா எல்லாருக்கும் வந்துடும். டேபிள் 12 அடி, அத ஒரு தடவ போய் வர்ற வேகம், ரெண்டு தடவ போய் வர்ற வேகம்னு ஏத்திகிட்டே போங்க. எந்த வேகத்துல வெள்ளை கோட்ட விட்டு விலக ஆரம்பிக்குதோ அதுதான் இன்னிக்கு உங்க லிமிட், மேட்ச்ல அதுக்கு ஒரு படி கீழ ஆடுங்க. நான் பத்துக்கு ஏழு வேகத்துக்கு மேல ஆடுறதே இல்ல, பத்துக்குப் பத்து அடிக்கிறவன நம்பி பொசிஷன் (அடுத்த ஷாட்டுக்கு வெள்ளை நிக்குற இடம்) ப்ளான் பண்ண முடியாது, அது நானா இருந்தாலும்.

இன்னொரு பயிற்சி, வெள்ளையையும் ஒரு ரெட்டையும் கார்னர் பாக்கெட்டுக்கு நேர்கோட்டுல ஒரு அடி இடைவெளில வைங்க. முதல்ல ரெட்ட போட்டுட்டு வெள்ளை ரெட்ட முட்டின இடத்துலயே செத்து நிக்கணும். பத்துக்கு எட்டு வந்தப்புறம் ஸ்க்ரூ போட்டு வெள்ளைய ஒரு அடி பின்னாடி இழுங்க, அப்புறம் ரெண்டு அடி. அது வந்தா ரெண்டு பாலுக்கும் இடைவெளிய ரெண்டு அடி, மூணு அடின்னு கூட்டுங்க. வேகத்த இதுல நீங்க தேடிப் போக வேண்டாம், தூரம் கூடினா அதுவே கேக்கும். சலிப்பா இருக்கும், ஒத்துக்கறேன்.

ஓங்கி அடிக்கிறதுக்கு ஒரு விலை இருக்கு, அதையும் தெரிஞ்சுக்கங்க. வேகம் கூடினா பாக்கெட் சின்னதாயிடும், மெதுவா போனா ஓரத்துல உரசி உள்ள விழுற பால் வேகமா போனா ரெண்டு பக்கமும் முட்டி வெளில துப்பப்படும், குஷன ஒட்டிப் போற பாலுக்கு இது ரொம்ப மோசம். குஷன்ல ஓங்கிப் பட்டா ரப்பர் அமுங்கி, வெள்ளை வர்ற கோணமும் நீங்க எதிர்பாத்தத விட குறுகலா இருக்கும், அதனால ரெண்டு மூணு குஷன் சுத்தி வர்ற பொசிஷன மெது ஷாட்ட வச்சு கணக்குப் போடாதீங்க. லாபமும் இருக்கு, துணியோட நாப், அதாவது மேல ஒரே பக்கமா படிஞ்சிருக்குற மயிரிழை, மெதுவா உருள்ற பாலத்தான் நல்லா இழுக்கும், வேகமா போற பால பெருசா ஒண்ணும் பண்ணாது.

அப்ப எப்பதான் ஓங்கி ஆடணும்? முக்கியமா பேக்க, அதாவது ஒட்டிகிட்டு நிக்குற ரெட் கூட்டத்த, உடைக்கிறதுக்கு. ஏழு தடவ உலக சாம்பியன் ஆன ஸ்டீஃபன் ஹென்ட்ரி நீலத்தப் போட்டுகிட்டே வெள்ளைய பேக்குக்குள்ள அனுப்புறத வழக்கமாவே ஆக்கிட்டார், அதுக்கப்புறம்தான் எல்லாரும் அத தைரியமா ஆட ஆரம்பிச்சாங்க. வெள்ளை நீலத்துக்கு பால்க் பக்கமா, அதாவது டாப் குஷனுக்கு எதிர்க் கோடி பக்கமா, கொஞ்சம் கோணத்துல இருக்கணும், மிடில் பாக்கெட்ல நீலத்த போட்டா வெள்ளை இயல்பாவே மேல பேக்க நோக்கிப் போகும், பிங்க் வழில நிக்குறத மட்டும் பாத்துக்கங்க. கருப்ப வச்சு உடைக்கணும்னா, கருப்புல இருந்து பாக்கெட்டுக்குப் போற கோட்ட பின்னாடி நீட்டிப் பாருங்க, வெள்ளை அந்தக் கோட்டுக்கு டாப் குஷன் பக்கமா இருந்தா நல்ல ஸ்டன் ஷாட் போதும், வெள்ளை கருப்ப விட்டு 90 டிகிரில கிளம்பி நேரா பேக் பக்கம் போகும். ரெண்டுலயும் பேக்கோட நட்ட நடுவுல போய் முட்டாதீங்க, அங்க போனா வெள்ளை ஒட்டிகிட்டு நின்னுடும், ஓரத்து ரெட்ல பட்டா பாலும் கலையும் வெள்ளையும் வெளில வரும். உடைக்கிற நெனப்புல நீலத்தையே விட்டுட்டா கலைஞ்ச டேபிள எதிராளி துடைச்சு எடுத்துடுவார், அதனால கண்ணு கடைசி வரைக்கும் பாட், அதாவது பாக்கெட்ல போடுற பால் மேலதான் இருக்கணும், பேக்க பத்தி எழுந்து நின்ன அப்புறம் பாத்துக்கலாம்.