பைத்தான் கற்கத் தொடங்குபவர்கள் எங்கே நேரத்தைத் தொலைக்கிறார்கள்?

நிரல் எழுதவே தெரியாதவர்கள் முதல் மொழியாகப் பைத்தானைத் தேர்ந்தெடுப்பது நல்ல முடிவுதான். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியலிலும் அதுதான் இருக்கிறது. எளிய மொழி என்று பெயர் வாங்கியது. அப்படியும் நிறையப் பேர் சில வாரங்களில் மூட்டை கட்டிவிடுகிறார்கள். என் கணிப்பில் இதற்குப் பெரிய காரணம் ஒன்றே ஒன்று: எரர் வந்தால் அதைப் படிப்பதில்லை.

ரன் கொடுத்ததும் திரையில் பத்து வரி சிவப்பாக வந்து விழும். மேலிருந்து படிக்கத் தொடங்கி, இரண்டாவது வரியிலேயே தலை சுற்றி, மூடிவிடுவோம். பைத்தானின் பிழைச்செய்தியைக் கீழிருந்து படிக்க வேண்டும். என்ன வகைப் பிழை, ஏன் வந்தது என்பது கடைசி வரியில் இருக்கும். எந்த வரியில் வந்தது என்பது அதற்குச் சற்று மேலே இருக்கும். 'நேம் எரர்' என்றால் நீங்கள் எழுதிய பெயரைப் பைத்தான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. எழுத்துப்பிழை, அல்லது மேற்கோள் குறி விடுபட்டிருக்கும். 'இன்டென்டேஷன் எரர்' என்றால் வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளி ஒத்துப்போகவில்லை. 'சின்டாக்ஸ் எரர்' மட்டும் சில நேரம் ஏமாற்றும். அது சுட்டும் வரியில் ஒரு குற்றமும் இருக்காது. முந்தைய வரியில் அடைப்புக்குறி மூடாமல் கிடக்கும்.

2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலிருந்து இந்தச் செய்திகள் நன்றாகவே மேம்பட்டிருக்கின்றன. அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று நேராகச் சொல்கிறது. பிரிண்ட் என்பதைத் தப்பாக அடித்தால், 'இதையா சொல்ல வந்தீர்கள்?' என்று சரியான பெயரை எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே நண்பரின் பழைய கணினியில் கிடக்கும் பதிப்பே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

பழைய பாடங்களும் அப்படித்தான். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்து வீடியோக்களும் பிடிஎஃப்களும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பிரிண்ட் கட்டளையை அடைப்புக்குறி இல்லாமல் எழுதிக் காட்டும் பாடம் எதுவானாலும் அங்கேயே நிறுத்திவிட்டு வேறு தேடுங்கள்.

அடுத்தது காப்பி-பேஸ்ட். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த நிரலை அப்படியே ஒட்டினால் மேற்கோள் குறிகள் வளைந்து நிற்கும். பைத்தானுக்கு நேரான மேற்கோள் குறிதான் தெரியும். கண்ணுக்கு எல்லாம் சரியாக இருக்கும், நிரல் மட்டும் ஓடாது. ஒவ்வொரு வரியையும் கையால் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை, விரலுக்கும் பழக்கமாகும்.

எரர் வருவது நல்லது என்பேன். எரர் வராமல் தப்பான விடை வருவதுதான் ஆபத்து. 'இன்புட்' மூலம் பயனரிடம் வாங்கும் எதுவும் பைத்தானுக்கு எழுத்துச் சரம்தான், அதாவது வெறும் எழுத்துகளின் கோவை. எண்ணை அடித்தாலும் அப்படித்தான். 5 என்று வாங்கி அதை 3ஆல் பெருக்கினால் 15 வராது, 555 வரும். எந்தப் புகாரும் இல்லாமல் வரும். மதிப்பெண்களை இப்படி வாங்கி ஒரு லிஸ்ட்டில் போட்டு வரிசைப்படுத்திப் பாருங்கள்: 100, 35, 9 என்று நிற்கும். அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல் முதல் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து அடுக்கியிருக்கிறது. வாங்கியதை உடனே 'இன்ட்' கொண்டு எண்ணாக மாற்றுவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இது தீரும். லிஸ்ட்டிலும் ஒரு கண்ணி உண்டு. நேற்றைய செலவுப் பட்டியலை 'சமம்' போட்டு இன்றைய பட்டியல் என்ற பெயருக்குக் கொடுத்தால் நகல் உருவாகாது. ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். இன்று தக்காளியைச் சேர்த்தால் நேற்றும் தக்காளி வாங்கியதாகிவிடும். நகல் வேண்டுமென்றால் 'காப்பி' என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் வரும் வினை வேடிக்கையானது. 'ரேண்டம்' என்ற தொகுதியை (பைத்தானுடனேயே வரும் ஆயத்த நிரல்) பழகப் போகிறோம் என்று கோப்புக்கும் அதே பெயரை வைப்பார்கள். பைத்தான் முதலில் நிரல் இருக்கும் ஃபோல்டரில்தான் தேடும். அங்கே உங்கள் கோப்பே கிடைத்துவிடுவதால் உண்மையான தொகுதியை எட்டிக்கூடப் பார்க்காது. 2024இல் வந்த 3.13 பதிப்பு இதையும் கண்டுபிடித்து, பெயரை மாற்றச் சொல்கிறது.

வீடியோ பார்ப்பது, பாதியில் ஜாவாவுக்குத் தாவுவது, நல்ல லேப்டாப் வாங்கிய பிறகு பார்க்கலாம் என்பது பற்றியெல்லாம் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பார்த்த நேரத்தைவிட அடித்த நேரம் கூடுதலாக இருக்கட்டும். கணினி இல்லாவிட்டால், இணையத்திலேயே பைத்தானை எழுதி ஓட்ட உதவும் கூகுள் கோலாப் ஃபோனின் பிரவுசரிலேயே ஓடும். சாட்ஜிபிடியிடம் நிரலை எழுதித் தரச் சொன்னால் நிரல் கிடைக்கும், ஆனால் எழுதியது அது. எரர் ஏன் வந்திருக்கும் என்று முதலில் நீங்களே ஒரு ஊகம் எழுதிவையுங்கள். பிறகு அதனிடம் விளக்கம் கேட்டு ஒப்பிடுங்கள்.

'இங்கிலீஷ் சரியா வராது, அதை முதல்ல சரி பண்ணிட்டு வரேன்' என்று தள்ளிப்போடுவதும் தவறுதான். இன்றைய பைத்தானில் ஒதுக்கப்பட்ட சொற்கள், அதாவது மொழி தனக்கென்று வைத்திருக்கும் ஆங்கிலச் சொற்கள், மொத்தம் 35. இஃப், எல்ஸ், ஃபார், வொயில் என்று அன்றாடம் கைக்கு வருபவை அதிலும் பாதி தேறாது. பைத்தான் 3இல் வேரியபிளுக்கு (ஒரு மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயர்) 'மதிப்பெண்' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும்.

தமிழ் எழுத்தையே பயிற்சியாகவும் எடுத்துக்கொள்ளலாம். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை 'லென்' கொண்டு கேட்டால் 3 என்று வராது, 5 என்று வரும். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தும் தனித்தனி. பைத்தான் அவற்றைத்தான் எண்ணுகிறது. சரியாக எண்ணித் தர 'ஓப்பன் தமிழ்' என்ற நிரலகம் இருக்கிறது. அதை நிறுவும் முன் நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். வருவது புள்ளியோ உயிர்க்குறியோ என்றால் முந்தைய எழுத்தோடு சேர். இல்லையென்றால் புதிய எழுத்தாக லிஸ்ட்டில் போடு. ஒரு லூப், ஒரு இஃப், ஒரு லிஸ்ட் போதும். க்ஷவும் ஸ்ரீயும் மட்டும் கொஞ்சம் படுத்தும்.