கப்பல் கரையில் நிற்கும் நாளில் சூட் அறைச் சலுகைகளை அனுபவிக்கும் முறை

புளோரிடாவின் போர்ட் கேனவரல் துறைமுகத்திலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று அல்லது நான்கு இரவுப் பயணமாகச் செல்லும் 'யுடோப்பியா ஆஃப் த சீஸ்' போன்ற, ராயல் கரீபியன் நிறுவனத்தின் உல்லாசக் கப்பல்கள், ஓரறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைச் சுமப்பவை. அத்தகைய கப்பல் காலையில் பஹாமாஸின் தலைநகரான நசாவின் துறைமுகத்தில் கட்டப்பட்ட சில மணி நேரத்துக்குள் பயணிகளில் பெரும்பாலோர் கரைக்குப் போய்விடுவார்கள். முந்தைய நாள் நாற்காலி கிடைக்காத நீச்சல் குளத்தங்கரையிலும், அரை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருந்த சறுக்குகளிலும் அன்று ஆளிருக்காது. நசாவை முன்பே பார்த்துவிட்டவர்களும், ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான பெற்றோரை வெயிலில் நடக்கவைக்க விரும்பாதவர்களும், கைக்குழந்தையோடு வந்தவர்களும் அன்று கப்பலிலேயே தங்கிவிடுவதில் இழப்பு எதுவும் இல்லை. மற்ற அறைகளைவிடப் பெரியதும் விலை கூடியதுமான சூட் அறை எடுத்திருப்பவர்களுக்கு அது இன்னும் ஆதாயமானது. ஆனால், அந்த நாளை மற்ற நாட்களைப் போலச் செலவிடக் கூடாது.

சூட் அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பெரும்பகுதி கூட்டத்திலிருந்து விலகியிருப்பதற்கான விலையே ஆகும். தனி உணவகம், தனி லவுஞ்ச், தனிச் சூரியத் தளம், நிகழ்ச்சிகளில் ஒதுக்கப்பட்ட இருக்கை, ஏறும்போதும் இறங்கும்போதும் முன்னுரிமை என எல்லாமே மற்ற ஐயாயிரம் பேர் கப்பலில் இருக்கும்போதுதான் மதிப்புப் பெறுகின்றன. கூட்டமே இல்லாத முற்பகலில் தனிச் சூரியத் தளத்தில் போய்ப் படுத்துக்கொள்பவர், பொதுத் தளங்கள் காலியாகக் கிடக்கும் அருமையான நேரத்தை வீணாக்குகிறார் என்றே சொல்வேன். எனவே துறைமுக நாளில் வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். காலை பத்து மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை அனைவருக்கும் பொதுவான இடங்களைப் பயன்படுத்துங்கள். கரைக்குப் போனவர்கள் திரும்பத் தொடங்கும் வேளையில் சூட் பயணிகளுக்கு மட்டுமே உரிய இடங்களுக்கு நகர்ந்துவிடுங்கள்.

முதலில் உங்கள் சூட் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-இல் அறிமுகமான ஏற்பாட்டின்படி ராயல் கரீபியன் தன் பெரிய கப்பல்களின் சூட் அறைகளை சீ, ஸ்கை, ஸ்டார் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. ஜூனியர் சூட் எடுப்பவர்கள் சீ வகுப்பில் வருவார்கள். அவர்களுக்கு 'கோஸ்டல் கிச்சன்' என்ற சூட் உணவகத்தில் இரவு உணவு மட்டுமே உண்டு, லவுஞ்சுக்குள் அனுமதி இல்லை. கிராண்ட் சூட் போன்றவை அடங்கிய ஸ்கை வகுப்பினர் மூன்று வேளையும் அங்கே உண்ணலாம். லவுஞ்ச், சூரியத் தளம், முன்பதிவுகளைக் கவனிக்கும் பணியாளரான கான்சியர்ஜின் உதவி, இணைய இணைப்பு ஆகியவையும் கட்டணத்திலேயே அடங்கும். ஸ்டார் வகுப்பினருக்கு இவற்றோடு 'ராயல் ஜீனி' என்று அழைக்கப்படும் தனி உதவியாளரும், பானங்களும், கட்டண உணவகங்களும் சேர்ந்தே வருகின்றன. துறைமுக நாளுக்குப் பொருத்திப் பார்த்தால் சீ வகுப்பினருக்கு மதிய உணவுச் சலுகையே கிடையாது என்பதால், அவர்கள் கீழே சொல்லப்படும் நேரத் திட்டத்தில் மதியப் பகுதியையும், சூரியத் தளமும் லவுஞ்சும் வரும் மாலைப் பகுதியையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆயத்தம் முந்தைய இரவிலேயே தொடங்குகிறது. நிறுவனத்தின் செயலியில் மறுநாள் நிகழ்ச்சி நிரலைத் திறந்து, எந்தெந்த விளையாட்டு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். துறைமுக நாளில் பல விளையாட்டுகள், கப்பல் எங்கும் நிற்காமல் செல்லும் கடல் நாளைவிடக் குறைந்த நேரமே இயங்கும், சில பிற்பகலில்தான் தொடங்கும். சைவம் மட்டும் உண்பவர்கள் மறுநாள் மதியத்துக்கு இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று உணவகப் பணியாளரிடமோ கான்சியர்ஜிடமோ அன்றிரவே சொல்லிவைப்பது நல்லது. கோஸ்டல் கிச்சனின் உணவுப் பட்டியல் மத்தியதரைக்கடல் பகுதியையும் கலிபோர்னியாவையும் சார்ந்தது. காய்கறி உணவு அதில் இருந்தாலும், சோறும் பருப்பும் கேட்கும் பெற்றோருக்கு அது மட்டும் போதாது. முன்கூட்டிச் சொன்னால் சமையலறை பொதுவாக ஏற்பாடு செய்துவிடும். உட்கார்ந்த பிறகு கேட்டால் அதே பணியாளர் வருத்தம் தெரிவிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது.

காலையில் அவசரமே வேண்டாம். ஏழரை மணி முதல் ஒன்பதரை மணி வரை மின்தூக்கிகளும் 'விண்ட்ஜாமர்' பஃபேயும் கரைக்குக் கிளம்புபவர்களால் நிரம்பியிருக்கும். அந்த நேரத்தை அறையிலுள்ள காப்பி இயந்திரத்தோடும் பால்கனியோடும் கழித்துவிடலாம். நசாவின் துறைமுக வாயிலில், பாரடைஸ் தீவின் மேற்கு முனையில், 1817-இல் கட்டப்பட்ட வெள்ளைக் கலங்கரை விளக்கம் நிற்கிறது. கப்பல் அதற்கு அருகில் உள்ளே நுழைவதைப் பார்ப்பதற்கு உயரமான தளத்து பால்கனியை விடச் சிறந்த இடம் இல்லை. கப்பல் கட்டப்பட்ட பிறகு நிலைமை மாறிவிடும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்: பக்கத்து மேடையில் இன்னொரு கப்பல் வந்து நின்றால், அதன் பால்கனிகள் உங்கள் அறையை நேரே பார்த்துக்கொண்டிருக்கும். உடை மாற்றும் முன் திரையை இழுத்துவிடுங்கள்.

பத்து மணிக்குப் பிறகு நேராக மேலே விளையாட்டுத் தளத்துக்குச் செல்லுங்கள். 'யுடோப்பியா' அடங்கிய ஓயசிஸ் வகைக் கப்பல்களில் 'ஃப்ளோரைடர்' என்ற செயற்கை அலைச்சறுக்குக் களங்கள் இரண்டு உண்டு. கடல் நாளில் ஒருவருக்கு ஒரு முறை விழுந்து எழுவதற்குள் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியிருக்கும்; துறைமுக நாளில் ஐந்தாறு பேர் மட்டுமே இருப்பதால் அடுத்தடுத்து வாய்ப்புக் கிடைப்பதோடு, பயிற்றுநரும் நின்று சொல்லித்தருவார். புதிதாகக் கற்க விரும்புபவருக்கு இதைவிட ஏற்ற நாள் வேறில்லை. அடிபட்டால் பொறுப்பு நம்முடையதே என்று ஒப்புக்கொள்ளும் பொறுப்புறுதிப் படிவத்தைச் செயலியிலோ அங்கேயோ முன்னதாக நிரப்பிவிடுங்கள். 'போர்டுவாக்' பகுதிக்கு மேலே ஒன்பது தள உயரத்தில் சுமார் 25 மீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்டுள்ள, கம்பியில் தொங்கியபடி செல்லும் ஜிப்லைனுக்கும், பாறை ஏறும் சுவருக்கும் உயர, எடை வரம்புகள் உள்ளன. காற்று பலமாக வீசினால் ஜிப்லைனை மூடிவிடுவார்கள். பனிச்சறுக்குக் களத்துக்குப் போவதாக இருந்தால் முழுக்கால் சட்டையும் காலுறையும் கட்டாயம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெப்பமண்டலத் தீவுக்குப் பயணம் என்று நினைத்து அவற்றைப் பெட்டியில் வைக்காமல் வருபவர்களே அதிகம்.

விளையாட்டில் ஆர்வம் இல்லாத பெரியவர்களுக்கு எட்டாவது தளத்திலுள்ள 'சென்ட்ரல் பார்க்' போதும். 12,000-க்கும் மேற்பட்ட உயிருள்ள செடிகொடிகளோடு வானம் பார்த்துக் கிடக்கும் அந்தத் தோட்டத்தில் மாலை வேளையில் நடக்கவே இடமிருக்காது. முற்பகலில் பெஞ்சுகள் காலியாக இருக்கும், பறவை ஒலியும் இசையும் கேட்டுக்கொண்டிருக்கும். கப்பலின் முன்பகுதியிலுள்ள 'சோலேரியம்' என்ற ஓய்வுப் பகுதி பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமானது என்பதால் எப்போதுமே அமைதியானது; துறைமுக நாளில் அதன் வெந்நீர்த் தொட்டிகளில் தனியாகவே அமர்ந்திருக்கலாம். மூன்று வயதைக் கடந்த பிள்ளைகளுக்கான 'அட்வென்ச்சர் ஓஷன்' மையம் துறைமுக நாளிலும் திறந்திருக்கும். அங்கும் பிள்ளைகள் குறைவாக இருப்பதால் கவனிப்பு கூடுதலாகக் கிடைக்கிறது.

கப்பலின் பின்பகுதியில், 'அக்வாதியேட்டர்' என்ற நீர் நிகழ்ச்சி அரங்கைப் பார்த்திருக்கும் சூட் கிடைத்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. பத்து மீட்டர் உயர மேடையிலிருந்து ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுள்ள குளத்தில் குதிக்கும் நீச்சல் கலைஞர்கள் பகலில் ஒத்திகை பார்ப்பதுண்டு. ஒப்பனையும் விளக்குகளும் இல்லாமல், ஒரே குதிப்பைப் பலமுறை செய்து பார்ப்பதை பால்கனியிலிருந்தே காணலாம். இரவு நிகழ்ச்சியை விட எனக்கு இதுவே பிடிக்கும்.

துறைமுக நாளுக்கே உரிய சில இடையூறுகளும் இருக்கின்றன. பணியாளர்களுக்கான தீ, படகுப் பயிற்சிகளைப் பெரும்பாலும் இத்தகைய நாட்களில்தான் நடத்துவார்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியுமாக அபாயச் சங்கு ஒலிக்கக்கூடும். அது பணியாளர்களுக்கு மட்டுமான பயிற்சி என்று முன்னதாக அறிவிப்பு வந்திருந்தால் பயணிகள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால், அந்த முக்கால் மணி நேரத்தில் பணியாளர்கள் பலர் பயிற்சியில் இருப்பதால் சில மதுக்கூடங்களிலும் அறைச் சேவையிலும் தாமதம் ஏற்படும். குளம் ஒன்றைக் காலிசெய்து சுத்தம் செய்வதும், உயிர்காப்புப் படகுகளுக்கு வண்ணம் பூசுவதும், பால்கனிக் கண்ணாடிகளைக் கழுவுவதும் அன்றே நடக்கும். சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடைகளும் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்வரை பொதுவாக மூடியிருக்கும். பணம் மிச்சமாகும் என்பதால் இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

மதிய உணவுதான் துறைமுக நாளில் சூட் பயணிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய ஆதாயம். முதன்மை உணவகம் துறைமுக நாட்களில் மதியம் பெரும்பாலும் திறப்பதில்லை. கட்டண உணவகங்களில் பலவும் மதிய உணவைக் கடல் நாளுக்கே வைத்திருக்கின்றன. எஞ்சியிருப்பது பஃபேயும் சிறு உணவு விடுதிகளும்தான். பஃபேக்கோ, சுற்றுலா முடித்துப் பசியோடு வருபவர்கள் ஒரு மணிக்கு மேல் திரளத் தொடங்குவார்கள். பதினேழாவது தளத்திலுள்ள கோஸ்டல் கிச்சனில் அதே நேரத்தில் உயரத்திலிருந்து துறைமுகத்தைப் பார்த்தபடி, பரிமாறப்பட்டு உண்ணலாம். பன்னிரண்டரைக்குப் போனால் சன்னலோர மேசை கிடைப்பது ஏறக்குறைய உறுதி. சீ வகுப்பினர் சென்ட்ரல் பார்க்கிலுள்ள 'பார்க் கஃபே'யில் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டு முடித்துவிடுவது நல்லது.

உண்ட பிறகு ஸ்பாவைக் கேட்டுப் பார்க்கலாம். கடல் நாளில் முழு விலைக்கு விற்கும் மசாஜையும் முகப் பராமரிப்பையும் துறைமுக நாளில் தள்ளுபடியில் கொடுப்பது கப்பல்களில் பரவலான வழக்கம். முன்பதிவு செய்யாமல் அன்று காலை நேரில் கேட்பதே நல்ல விலைக்கு வழி. சிகிச்சை முடிந்ததும் எண்ணெய், களிம்பு, உப்பு என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள். வேண்டாம் என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும்.

நாள் முழுவதும் மண்ணை மிதிக்காமல் இருக்க மனமில்லை என்றால், கரைக்குச் சென்றுவர ஏற்ற நேரமும் மதிய உணவுக்குப் பிந்தையதுதான். நசாவில் கப்பல் மேடையிலிருந்து நடந்தே நகர மையத்தை அடையலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அடிமைகளாக்கப்பட்ட மக்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அமைத்த 'குவீன்ஸ் ஸ்டேர்கேஸ்' என்ற படிக்கட்டும் நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கிறது. திரும்பி நுழைய, கப்பலில் தரப்படும் சீபாஸ் அட்டையோடு புகைப்பட அடையாள அட்டையும் தேவைப்படும். கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கே வைத்திருங்கள். நசாவில் சிக்கல் இல்லையென்றாலும், மெக்ஸிகோவின் கோஸுமெல் போன்ற இடங்களில் கோடைகாலத்தில் உள்ளூர் நேரம் மயாமி நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். கைப்பேசி உள்ளூர்க் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தானாக நேரம் மாறியதால் மேடையில் ஓடிவருபவர்கள் எல்லாப் பயணத்திலும் உண்டு. கிராண்ட் கேமன் போல் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை ஏற்றியிறக்கும் இடங்களில் சூட் பயணிகளுக்கு முன்னுரிமை உண்டென்றாலும், இப்படி ஒரு மணி நேரத்துக்குச் சென்றுவரும் யோசனை அங்கே பலிக்காது.

மூன்று மணிக்குமேல் பொதுத் தளங்கள் மீண்டும் நிரம்பும். இப்போதுதான் சூட் பயணிகளுக்கான சூரியத் தளம் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. 'வொண்டர் ஆஃப் த சீஸ்' கப்பலில் அந்தத் தளத்துக்கென்றே சிறு குளமும் மதுக்கூடமும் இருக்கின்றன. கப்பல் புறப்படும்போது பால்கனிக்குத் திரும்பிவிடுங்கள். நேரம் தவறி ஓடிவரும் கடைசிப் பயணிகளை மேல்தளங்களில் இருப்பவர்கள் கைதட்டி வரவேற்கும் காட்சியைக் காண மேடைப் பக்கத்து பால்கனிக்காரர்களுக்கு வாய்ப்பு அதிகம். மாலையில் லவுஞ்சில் பானங்களும் சிறு தின்பண்டங்களும் கட்டணமின்றி வழங்கப்படும். அந்த நேரத்தில் கான்சியர்ஜைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும் என்பதால், இரவு நிகழ்ச்சிக்கான இருக்கை, மறுநாள் உணவக மாற்றம் போன்றவற்றை அவர் சும்மா உட்கார்ந்திருக்கும் முற்பகலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் நசாவுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். அதே பயணத்தில் வரும் 'பெர்ஃபெக்ட் டே அட் கோகோகே' தீவின் கணக்கு வேறு. நிறுவனம் 2019-இல் புதுப்பித்துத் திறந்த அந்தத் தீவில் கடற்கரை நாற்காலியும் மதிய உணவும் கட்டணத்திலேயே அடங்குவதால் கப்பல் நசாவில் இருந்ததைவிடக் காலியாகிவிடும். என்றாலும் முதல் முறை செல்பவர் அன்று கப்பலில் தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாம் முறை செல்பவர் காலையில் எல்லோருக்கும் முன்பே இறங்கி நிழலான நாற்காலியைப் பிடித்து, வெயில் ஏறியதும் பன்னிரண்டரைக்குக் கோஸ்டல் கிச்சனுக்குத் திரும்பிவிட்டால், பிற்பகல் முழுவதும் ஃப்ளோரைடர் அவர் வசம் இருக்கும்.