வழுக்கைச் சிகிச்சை பல ஆண்டுகளுக்குப் பலன் தருகிறதா என்று கணக்கு வைத்துப் பார்ப்பது எப்படி

ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கைக்கு மருந்து வாங்க வருகிறவர் பாமசியில் கேட்பது ஒரே கேள்விதான்: "முடி வருமா?" பத்து ஆண்டுகள் அந்த மருந்தோடு வாழப்போகிறவருக்கு அந்தக் கேள்வி போதாது. மருந்தே எடுக்காமல் விட்டிருந்தால் பத்தாம் ஆண்டில் என் தலை எப்படி இருந்திருக்கும், எடுத்ததனால் எப்படி இருக்கிறது என்பதே அவர் கேட்க வேண்டியது. இவ்விரண்டு தலைகளில் ஒன்று மட்டுமே கண்ணாடியில் தெரியும். மற்றதைக் கணக்கு வைத்துத்தான் ஊகிக்க முடியும். அந்தக் கணக்கை வைக்கும் விதத்தையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், உதிர்வது பரம்பரை வழுக்கைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கொழும்பில் டெங்குக் காய்ச்சல் வந்து குணமான இரண்டு மூன்று மாதங்களில் சீப்பு நிறைய முடி வருவது பலருக்கும் தெரிந்த அனுபவம். அது காய்ச்சலின் பின்விளைவு, பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். தைரொயிட் கோளாறும் இரும்புச்சத்துக் குறைவும் இதேபோல் தலை முழுவதும் முடியை மெலியச் செய்யலாம். பரம்பரை வழுக்கை அப்படிப் பரவலாக வருவதில்லை. நெற்றியின் இரு ஓரங்களிலும் உச்சியிலும் தொடங்கி, பிடரியையும் காதோரங்களையும் விட்டுவைக்கும். டெங்குவுக்குப் பின் உதிர்ந்தவர் மருந்து பூசி மூன்று மாதத்தில் முடி வளர்ந்தது என்று மகிழ்ந்தால், அது மருந்தின் கணக்கில் தவறாக எழுதப்பட்ட வரவு. எனவே சரும நோய் வைத்தியர் ஒருவரிடம் ஒரு முறையாவது காட்டிவிட்டுத் தொடங்குவதே முறை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கொழும்புக் குழாய்த் தண்ணீரைக் குறை சொல்வதும், கொழும்பில் வளர்ந்தவர்கள் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரைக் குறை சொல்வதும் வழக்கம். இந்த வழுக்கைக்கு இரண்டு தண்ணீரும் பொறுப்பல்ல.

காரணம் உடலுக்குள் இருக்கிறது. டெஸ்டொஸ்டெரோன் என்னும் ஆண் ஹோர்மோன் ஒரு நொதியினால் டைஹைட்ரோடெஸ்டொஸ்டெரோனாக மாறுகிறது. பரம்பரையாக அதற்கு இளகிக் கொடுக்கும் மயிர்க்கால்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் சற்றே சுருங்கி, மெல்லிய, குட்டையான முடியைத் தந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனைமயிரோடு நின்றுவிடுகின்றன. இந்தச் சுருக்கம் ஆண்டுக்கணக்கில் நடப்பது. சிகிச்சையையும் ஆண்டுக்கணக்கில்தான் எடைபோட வேண்டும்.

பினாஸ்டரைட் குளிசை அந்த நொதியைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 1 மில்லிகிராம் அளவில் இது 1997இல் வழுக்கைக்காக அனுமதிக்கப்பட்டது. 18 முதல் 41 வயது வரையுள்ள 1,553 ஆண்களைக் கொண்டு தொடங்கிய ஆய்வின் எண்களை நிதானமாகப் படித்தால் நீண்டகாலப் பலன் என்றால் என்னவென்று விளங்கும். இரண்டாம் ஆண்டு முடிவில், குளிசை எடுத்தவர்களில் 66 வீதமானோரின் தலையில் முன்னேற்றம் இருப்பதாக, படங்களைப் பார்த்து மதிப்பிட்ட நிபுணர்கள் கண்டனர். ஐந்தாம் ஆண்டில் அது 48 வீதமாகக் குறைந்தது. இதை மட்டும் பார்ப்பவர், மருந்து தேய்ந்து போகிறது என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் உச்சியில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் எண்ணிய முடிகளில், குளிசை எடுத்தவருக்கும் மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவருக்கும் இடையிலான வித்தியாசம் முதலாம் ஆண்டில் 107ஆக இருந்து ஐந்தாம் ஆண்டில் 277ஆக விரிந்தது. முன்னேற்றம் தெரிந்தவர்களின் வீதம் குறைந்துகொண்டிருந்த அதே காலத்தில் மருந்தின் பயன் கூடிக்கொண்டிருந்தது. காரணம், மருந்தில்லாதவர்கள் அந்நேரம் வேகமாக இழந்துகொண்டிருந்தார்கள். ஐந்தாம் ஆண்டில் குளிசை எடுத்தவர்களில் 90 வீதமானோர் முன்னைவிட மோசமாகவில்லை. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 25 வீதமானோரே அப்படி இருந்தார்கள். ஐந்தாண்டும் வெற்றுக் குளிசையிலேயே இருந்தவர்கள் மிகச் சிலர் என்பதையும் நினைவில் வைத்தே இந்த எண்களை எடுக்க வேண்டும். ஜப்பானிலும் இத்தாலியிலும் பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளும் சாதகமாகவே உள்ளன. ஆனால் அவற்றில் ஒப்பிடுவதற்கு மருந்தில்லாத குழு இல்லை.

மினொக்சிடில் வேறு வகை. இரத்த அழுத்தத்துக்கான குளிசையாக வந்து, எடுத்தவர்களின் உடலில் முடி வளரச் செய்ததனால் தலையில் பூசும் மருந்தாக மாறியது. ஹோர்மோனை அது தொடுவதில்லை. மயிர்க்காலை வளரும் பருவத்தில் அதிக காலம் நிறுத்திவைக்கிறது. உச்சப் பலன் ஏறக்குறைய ஓராண்டில் வரும், அதன்பின் மெதுவாக இறங்கும். ஐந்தாண்டு பூசியவர்களுக்கும் தொடக்கத்தைவிட மேலான நிலையே இருந்தது. தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக உதிர்வதைக் கண்டு அஞ்சி விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பழைய முடி விழுந்து புதிய சுழற்சி தொடங்குவதே அது. 60 மில்லிலீற்றர் போத்தல், ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றர் என்று நாளுக்கு இரண்டு தடவை பூசினால், 30 நாளுக்கு வரும். இரண்டு மாதம் வந்தது என்று சிக்கனமாகச் சொல்பவர் பாதி மருந்தைத்தான் பூசியிருக்கிறார். கொழும்பு வெயிலில் நாளுக்கு இரண்டு முறை குளிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: காய்ந்த தலையில் பூசி, குறைந்தது நான்கு மணித்தியாலமாவது கழுவாமல் இருக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் அதன் வாய்க்கு இம்மருந்து எட்டவே கூடாது. பூனைக்கு அது நஞ்சு.

இனிக் கணக்குக்கு வருவோம். மருந்தின் முதல் நாளுக்கு முன்பே படம் எடுத்தாக வேண்டும், இல்லையேல் பின்னர் ஒப்பிட ஒன்றும் இராது. வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடி வீட்டின் குளியலறையில், தரை ஓடு ஒன்றின் மூலையில் சிறு கீறல் இருக்கிறது. அந்த ஓட்டில் நின்றுதான் எல்லாப் படங்களையும் எடுக்கிறேன். யன்னல் வெளிச்சத்தில் எடுத்த முதல் இரண்டு தொகுதிகளும் வீணாயின, ஏனெனில் ஒன்று மே மாத மழைமூட்டத்திலும் மற்றது சனவரி வெயிலிலும் எடுத்தவை; வெயிலில் எடுத்ததில் உச்சந்தலைத் தோல் பளிச்சென்று தெரிந்து, எட்டு மாதத்தில் பாதி முடி போனதுபோல் காட்டியது. அதன்பின் யன்னலை மூடி, ரியூப் லைட்டை மட்டும் போட்டு, பிளாஷ் இல்லாமல் எடுக்கிறேன். முடி காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் கூடாது, சலூனில் வெட்டி இரண்டு கிழமையான நாளாக இருக்க வேண்டும், நடு வகிடு எடுத்துச் சீவியிருக்க வேண்டும். நெற்றி, உச்சி, பிடரிக்கு மேலுள்ள சுழி, இரண்டு ஓரங்கள் என ஐந்து படங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இடையில் கண்ணாடியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, குளியலறை வடிகாலில் விழுந்த முடியை எண்ணவும் கூடாது. நாளுக்கு 50 முதல் 100 வரை விழுவது எல்லோருக்கும் இயல்பு.

படங்களைப் பார்க்கும்போது அடுத்தடுத்த இரண்டை ஒப்பிடாமல், தொடக்கத்தையும் கடைசியையும் பக்கத்தில் வைக்க வேண்டும். நம் கண் நமக்குச் சாதகமாகவே பார்க்கும் என்பதால், திகதியை மறைத்து மச்சானிடமோ நண்பரிடமோ கொடுத்து, பழையது எது புதியது எது என்று வரிசைப்படுத்தச் சொல்லலாம். மூன்று ஆண்டு இடைவெளியுள்ள படங்களை அவரால் வரிசைப்படுத்த முடியாவிட்டால் அது தோல்வியல்ல. இந்த நோயில் அதுவே நல்ல பெறுபேறு.

நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை நான் விரும்பாமலே பரிசோதித்தேன். 2022இல் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கொட்டாஞ்சேனை வரை அலைந்தும் சில மாதங்கள் மினொக்சிடில் கிடைக்கவில்லை. நான்காம் மாதப் படத்தில் சுழி தொடக்கத்திலிருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. பூசும் மருந்தின் பலன் மூன்று நான்கு மாதங்களிலும் பினாஸ்டரைட்டின் பலன் ஏறக்குறைய ஓராண்டிலும் கரைந்துவிடும். ஆகவே ஒரு மாதச் செலவை 12ஆலும் பிறகு 20ஆலும் பெருக்கிப் பார்த்து, அதைத் தாங்க முடியுமென்றால் மட்டுமே தொடங்குவது நல்லது.

பக்கவிளைவுகளும் இதே கணக்கேட்டில் எழுதப்பட வேண்டியவை. பினாஸ்டரைட்டின் ஆய்வுகளில் முதலாம் ஆண்டில் பாலியல் சார்ந்த பக்கவிளைவுகள் 3.8 வீதமானோருக்கும், வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 2.1 வீதமானோருக்கும் பதிவாகின. சிலருக்கு நிறுத்திய பின்னும் அவை நீடித்ததாக முறைப்பாடுகள் உள்ளன. தற்கொலை எண்ணம் இதன் ஒரு பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்துகள் முகவரகத்தின் பாதுகாப்புக் குழு 2025 மே மாதத்தில் உறுதிசெய்தது. மனம் சோர்ந்தால் முடியைப் பற்றி யோசிக்காமல் குளிசையை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பார்க்க வேண்டும். புரொஸ்டேட் பரிசோதனைக்கான பிஎஸ்ஏ அளவை இக்குளிசை பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், வயதானபின் அச்சோதனைக்குப் போகிறவர் குளிசை எடுப்பதைச் சொல்லியாக வேண்டும். மலிவு கருதி 5 மில்லிகிராம் குளிசையை நாலாக உடைப்பவர்கள், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்தத் தூளை அவர் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியை அது பாதிக்கக்கூடும்.

செவ்வரத்தம்பூ எண்ணெயும் கரிசலாங்கண்ணித் தைலமும் முடியை மினுக்கச் செய்யலாம். சுருங்கும் மயிர்க்காலைப் பல ஆண்டுகள் காத்ததற்கு அவற்றிடம் சான்று இல்லை. முடி மாற்றுச் சிகிச்சை வேறு விடயம். பிடரியிலிருந்து எடுத்து நடும் முடி பிடரியின் குணத்தோடே நீண்டகாலம் இருக்கும், ஆனால் அதைச் சுற்றியுள்ள பழைய முடி தன் வழியில் உதிர்ந்துகொண்டே இருக்கும். 25 வயதில் நெற்றியை நட்டுக்கொண்டு மருந்தைக் கைவிட்டவர், 40 வயதில் முன்னால் ஒரு தீவும் பின்னால் வெறுமையுமாக நிற்க நேரலாம்.

என்றாவது நிறுத்த முடிவு செய்தால், நிறுத்தும் நாளில் ஒரு தொகுதியும், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் ஒவ்வொரு தொகுதியும் எடுக்க வேண்டும். பன்னிரண்டாம் மாதப் படத்தில் தெரிவது, மருந்தே எடுக்காதிருந்தால் இருந்திருக்கக்கூடிய தலைக்கு மிக நெருங்கியது. இத்தனை ஆண்டுகளாகக் கணக்கில் இல்லாதிருந்த அந்த இரண்டாவது தலை அப்போதுதான் கண்ணுக்குப் படும். அதையும் அதே ஓட்டில் நின்று, அதே ரியூப் லைட்டின் கீழ் எடுக்க வேண்டும்.